கிறிஸ்துமஸ் என்றாலே சின்ன வயசு நினைவு வருவது ஏன்? 'அந்தக் காலம் போல இல்லை' என்ற ஏக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடி பக்கம் வீட்டு வாசல்களில் ஸ்டார் தொங்கத் தொடங்கிவிடும். கூடவே ஒரு பேச்சும் தொடங்கிவிடும். "இப்பல்லாம் என்ன கிறிஸ்துமஸ்? எங்க சின்ன வயசுல நீ பார்த்திருக்கணும்..."

இதைச் சொல்பவர் 70 வயது தாத்தாவாக இருக்கலாம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் 30 வயது இளைஞராகவும் இருக்கலாம். இருவரும் சொல்லும் 'அந்தக் காலம்' ஒன்றல்ல. தாத்தா சொல்வது பெட்ரோமாக்ஸ் விளக்கு காலம், இளைஞர் சொல்வது கேபிள் டி.வி. காலம். ஆனால் இரண்டு பேருக்கும் ஏக்கம் ஒன்றுதான்.

அப்படியென்றால் உண்மையிலேயே பண்டிகை மங்கிப்போச்சா? இல்லை, மாறியது நாம்தானா? நினைவு பற்றிய ஆய்வுகளும், இந்தப் பண்டிகை தமிழ்நாட்டில் கொண்டாடப்பட்ட விதமும் இதற்கு ஓரளவு பதில் சொல்கின்றன.

திரும்பத் திரும்ப வரும் நினைவுகள் எவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், அதாவது சுமார் 44 லட்சம் பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இது கிட்டத்தட்ட 47 சதவீதம். அதனால் தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் என்பது ஒரு வீட்டுப் பண்டிகை மட்டும் இல்லை, தெருவே சேர்ந்து கொண்டாடும் பண்டிகை.

அங்கே வளர்ந்தவர்களிடம் கேட்டால் சில விஷயங்கள் தவறாமல் வரும்.

முதலில் ஸ்டார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டார் இல்லை. மூங்கிலைப் பத்தை பத்தையாகக் கீறி, நூலால் கட்டி, கலர் பேப்பரை மைதா பசையால் ஒட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுச் செய்த ஸ்டார். மழை பெய்தால் பேப்பர் கிழிந்துவிடும், மறுநாள் திரும்ப ஒட்ட வேண்டும். மரத்தின் உச்சியில் யார் வீட்டு ஸ்டார் உயரமாகத் தெரிகிறது என்பதில் பெரிய போட்டியே நடக்கும்.

அடுத்தது குடில். பழைய பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை, கண்ணாடித் துண்டு வைத்துக் குளம், வைக்கோல் பரப்பித் தொழுவம். பண்டிகைக்கு முன்பே தட்டில் கேழ்வரகையோ கடுகையோ தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் சரியான நேரத்தில் பச்சைப் பசேல் என்று புல் முளைத்திருக்கும். கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை. குழந்தை இயேசுவின் சொரூபத்தை மட்டும் 24-ம் தேதி இரவு வரை வைக்க மாட்டார்கள். "இன்னும் பிறக்கலையே!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிறகு கேரல் ரவுண்ட்ஸ். ஆர்மோனியம், டிரம் சகிதம் ராத்திரி முழுக்க வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் குழு. முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அலறி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்த குழந்தைதான், சில வருஷம் கழித்து, "அந்தத் தாத்தா நம்ம பக்கத்து வீட்டு அண்ணன்தான், செருப்பைப் பாரு" என்று கண்டுபிடித்துச் சொல்லும்.

புதுச் சட்டைக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஒரே துணியில் அண்ணன், தம்பி எல்லாருக்கும் சட்டை. "வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசாவே தைங்க" என்று அப்பா சொல்லியிருப்பார். டெய்லர் 24-ம் தேதி ராத்திரிதான் கொடுப்பார், அதுவும் பட்டன் தைக்காமல். கத்தோலிக்க வீடுகளில் நள்ளிரவுத் திருப்பலிக்கும், சி.எஸ்.ஐ. வீடுகளில் விடியற்காலை ஆராதனைக்கும் அந்தச் சட்டையோடு, மார்கழிக் குளிரில் தூக்கக் கலக்கத்துடன் நடந்து போன நினைவு கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, பலகாரம்.

பலகார வாசனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சக்தி?

முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம், தூத்துக்குடி என்றால் மக்ரூன். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பே பலகாரம் சுடுவது தொடங்கிவிடும். பல வருஷம் கழித்து எங்கோ ஒரு தெருவில் தேங்காய்ப் பாலும் எண்ணெயும் கலந்த அந்த மணம் மூக்கில் பட்டால், ஒரு நொடியில் பாட்டி வீட்டு அடுக்களைக்கே போய்விட்டது போல இருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. பார்வை, ஒலி, தொடுதல் போன்ற புலன்களின் தகவல் மூளையில் 'தலாமஸ்' என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மற்ற பகுதிகளுக்குப் போகிறது. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மூக்கிலிருந்து வரும் தகவல், உணர்ச்சிகளைக் கையாளும் 'அமிக்டலா'வுக்கும், நினைவுகளைப் பதியவைக்கும் 'ஹிப்போகேம்பஸ்' பகுதிக்கும் மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான், 'இது என்ன வாசனை' என்று பெயர் சொல்வதற்கு முன்பே மனசு கலங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. வயதானவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பொதுவாகப் பதின்ம வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவையே அதிகம் வரும். ஆனால் வாசனையைத் தூண்டுகோலாகக் கொடுத்தால் கதை மாறுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வாசனை கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் 10 வயதுக்கு முந்தையவையாக இருந்தன. ஒரு சொல்லோ படமோ இளமைக்கால நினைவைக் கொண்டுவருகிறது என்றால், வாசனை நம்மைக் குழந்தைப் பருவத்துக்கே தூக்கிச் செல்கிறது.

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு இது அப்படியே பொருந்தும். காரணம், வருஷத்தில் ஒருமுறை மட்டும் வரும் வாசனை அது. தினமும் வரும் சாம்பார் வாசனைக்கு ஆயிரம் நினைவுகள் பங்குக்கு வரும், எதுவும் தெளிவாக நிற்காது. டிசம்பரில் மட்டும் வரும் வாசனையோடு ஒட்டிக்கொண்ட நினைவு மற்ற நாட்களோடு கலந்துபோவதில்லை.

ஒரு காலத்தில் 'நோய்' எனப்பட்ட ஏக்கம்

இந்த ஏக்கத்தை ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்கிறார்கள். இந்தச் சொல்லை உருவாக்கியவர் கவிஞர் அல்ல, மருத்துவம் படித்த மாணவர்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான்னஸ் ஹோஃபர் 1688-ல் பாசெல் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த சொல் இது. ஊரைவிட்டுத் தொலைவில் இருந்தவர்கள் தூக்கமும் பசியும் இழந்து வாடுவதை அவர் ஒரு நோயாகவே விவரித்தார். அந்நிய நாடுகளில் சண்டையிட்ட சுவிஸ் படைவீரர்களின் நோயாக இது பின்னர் பேசப்பட்டது.

சுமார் 300 ஆண்டுகளாக இந்த ஏக்கம் மருத்துவப் பிரச்சனையாகவோ மனப் பலவீனமாகவோதான் பார்க்கப்பட்டது. இந்தப் பார்வையை மாற்றியதில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களான டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்கள் குழுவின் 2006 ஆய்வு சில விஷயங்களைத் தெளிவாக்கியது.

ஒன்று, ஏக்கத்தோடு நினைவுகூரும் சம்பவங்களில் நாம் தனியாக இருப்பதில்லை. நெருக்கமானவர்கள் சூழ்ந்திருப்பார்கள். இரண்டு, பெரும்பாலும் மனம் சோர்ந்திருக்கும்போது, அதிலும் தனிமையில் இருக்கும்போதுதான் இந்த நினைவுகள் வருகின்றன. மூன்று, நினைத்து முடித்த பிறகு, 'நம்மை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வு கூடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், தனிமை வரும்போது மனசு தானே எடுத்துப் போடும் மருந்து இது. 2008-ல் சீனாவில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. தனிமை, 'நமக்கு யாரும் துணையில்லை' என்ற எண்ணத்தை வளர்க்கிறது. பழைய நினைவுகள் அந்த எண்ணத்தை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

துபாயிலோ தோஹாவிலோ டிசம்பர் 25-ம் தேதி வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போகும் ஒரு குமரி மாவட்டத்துக்காரர், ராத்திரி அறைக்கு வந்து படுத்ததும் மூங்கில் ஸ்டாரை நினைக்கிறார் என்றால், அது பலவீனம் இல்லை. மனசு தன்னைத்தானே தாங்கிப் பிடிக்கும் முயற்சி.

நினைவு நம்மை ஏமாற்றுகிறதா?

கொஞ்சம் ஏமாற்றத்தான் செய்கிறது.

நினைவு என்பது அலமாரியில் வைத்த ஆல்பம் போன்றது அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே இதைத் தனது நூலில் விளக்கினார். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்கிறோம்.

அதனால்தான் ஐந்தாறு கிறிஸ்துமஸ்கள் சேர்ந்து ஒரே கிறிஸ்துமஸாக ஆகிவிடுகின்றன. 'மாமா சைக்கிள் வாங்கித் தந்த வருஷம்' என்று தம்பி சொல்வார். "அது அந்த வருஷம் இல்லடா, அடுத்த வருஷம்" என்று அக்கா சண்டைக்கு வருவார். இரண்டு பேருக்கும் தங்கள் நினைவில் சந்தேகமே இருக்காது.

இன்னொன்று, கெட்ட சம்பவங்களின் வலி நல்ல சம்பவங்களின் இனிமையைவிட வேகமாகத் தேய்கிறது. இதையும் உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சலோடு கோயிலுக்குப் போனது, வாங்கித் தருவதாகச் சொன்ன பொம்மை வராமல் அழுதது, சொந்தக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் போட்ட சண்டை எல்லாம் மெல்ல மங்கி, சிரிக்கத்தக்க கதையாக மாறிவிடும். தேங்காய்ப் பால் மணம் மட்டும் அப்படியே நிற்கும்.

குழந்தைக்கு நேரம் ஓடும் விதமும் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது வாழ்க்கையில் ஏழில் ஒரு பங்கு. 50 வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. குழந்தைக்கு அடுத்த கிறிஸ்துமஸ் 'எப்பத்தான் வருமோ' என்று தோன்றுவதற்கும், பெரியவருக்கு 'அதுக்குள்ள வந்துருச்சா' என்று தோன்றுவதற்கும் இது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. அரையாண்டுத் தேர்வு முடியும் நாளை எண்ணி எண்ணிக் காத்திருந்த அந்தக் காத்திருப்பே பாதிப் பண்டிகை.

அந்த கிறிஸ்துமஸ் அம்மாவுக்கு எப்படி இருந்தது?

'அந்தக் காலம்' பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி இது.

முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்வோம். பாசிப்பயறை வறுத்துத் திரிக்க வேண்டும். தேங்காயைத் துருவி வறுக்க வேண்டும், எள்ளைப் புடைத்து வறுக்க வேண்டும். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, சரியான பதத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், உருண்டை நிற்காது. அதனால் கை பொறுக்காத சூட்டிலேயே பிடிப்பார்கள். பிறகு அதை மாவில் தோய்த்து, மூன்று மூன்றாகக் கொத்துச் சேர எண்ணெயில் விட வேண்டும். நூற்றுக்கணக்கில் செய்தால்தான் வீட்டுக்கும் வரும், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் வரும்.

அச்சு முறுக்கு இதைவிட நுணுக்கமானது. அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டினால் முறுக்கு கழன்று வராது. புது அச்சு லேசில் பழகாது, மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பழகிய பழைய அச்சு தெருவுக்கே பொதுச் சொத்து. "அக்கா, அச்சு இருந்தா கொடுங்க" என்று வீடு வீடாகப் போகும்.

வீட்டில் ஓவன் கிடையாது. கேக் வேண்டுமென்றால் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதன் மேல் கேக் கலவையை வைத்து, மூடியின் மேல் தணலைப் போட்டு வேகவைப்பார்கள்.

இதையெல்லாம் வீட்டு வேலைகளோடு சேர்த்துச் செய்து முடித்து, 24-ம் தேதி ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்து, விடிவதற்கு முன் எழுந்து ஆப்பத்துக்கும் கறிக்குழம்புக்கும் அடுப்பு மூட்டியவர்கள் பெண்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகே அவர்களுக்குச் சாப்பாடு. புதுத் துணிக்காக அப்பா வாங்கிய கடனும் பிள்ளைகளின் காதுக்கு எட்டியதில்லை.

பிள்ளைகளுக்குக் கிடைத்த 'கவலையே இல்லாத கிறிஸ்துமஸ்', அந்தக் கவலை முழுவதையும் பெரியவர்கள் சுமந்ததால் கிடைத்தது. இப்போது கவலைப்படும் இடத்தில் நாம் இருக்கிறோம். பண்டிகை மாறியதாகத் தோன்றுவதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

'பாரம்பரியம்' எவ்வளவு பழசு?

நாம் 'காலங்காலமாக' என்று நினைக்கும் பல வழக்கங்களும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவையே.

குடில் வழக்கத்தைப் பரப்பியவராக அறியப்படுபவர் புனித பிரான்சிஸ் அசிசி. அவர் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் குடில் காட்சி அமைத்தார். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகே பிரிட்டனில் வேகமாகப் பரவியது. முதல் வணிக கிறிஸ்துமஸ் கார்டு 1843-ல் லண்டனில் அச்சானது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பரவலாகச் சொல்லப்படுவது, 1883-ல் கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் செய்தது.

வெளியிலிருந்து வந்தவற்றைத் தமிழ்நாடு அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஃபிர் மரம் கிடைக்காத இடத்தில் சவுக்கு வந்தது. அச்சு முறுக்கின் உறவுக்காரப் பலகாரம் ஸ்வீடன், நார்வே நாடுகளிலும் உண்டு. அங்கே கோதுமை மாவும் பாலும், இங்கே அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். பாட்டிலும் அதேதான் நடந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம்ம ஊர் குறவஞ்சி வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். திருநெல்வேலிப் பக்கக் கிராமங்களில் மார்கழி அதிகாலையில் கிறிஸ்தவர்கள் பஜனை பாடிக்கொண்டு தெருவில் வருவதும் இந்த மண்ணின் வழக்கத்தோடு சேர்ந்ததுதான்.

பலகாரத் தட்டு மதம் பார்க்கவில்லை. தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து அதிரசம் வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தோடு திரும்பிப் போகும். ரம்ஜானுக்கு வந்த பிரியாணிப் பாத்திரமும் அப்படித்தான். "வெறும் தட்டைக் கொடுத்து அனுப்பாதே" என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்பட்ட விதி. கிறிஸ்தவர் அல்லாத பலருக்கும் கிறிஸ்துமஸ் ஏக்கம் இருப்பதற்கு இந்தத் தட்டுதான் காரணம்.

ஆக, ஒவ்வொரு தலைமுறையும் எதையோ விட்டிருக்கிறது, எதையோ புதிதாகச் சேர்த்திருக்கிறது. இன்றைய குழந்தைக்கு எல்.இ.டி. ஸ்டார்தான் நாளைய 'அந்தக் காலம்'.

அப்போ உண்மையிலேயே எதையும் இழக்கலையா?

இழந்திருக்கிறோம்.

படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு போன பிறகு, பல வீடுகளில் டிசம்பர் 25-ம் தேதி வயதான கணவனும் மனைவியும் மட்டும்தான். வீடியோ காலில் பேரப்பிள்ளை கேக் வெட்டுவதைப் பார்ப்பார்கள். சாப்பிட ஆள் இல்லாதபோது முந்திரிக்கொத்து சுட மனசு வருவதில்லை. "ரெண்டு பேருக்கு எதுக்கு, கடையில வாங்கிக்கலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

கடையில் வருஷம் முழுக்க அச்சு முறுக்கு கிடைக்கிறது. வசதிதான். ஆனால் டிசம்பருக்கு மட்டும் சொந்தமாக இருந்த வாசனை எல்லா மாதத்துக்கும் பொதுவாகிவிட்டால், நினைவைக் கிளப்பும் சக்தி குறைந்துவிடும்.

பெரிய இழப்பு கைப்பக்குவம். "ஒரு கை மாவு, கண்ணளவு சீனி, பதம் பார்த்து இறக்கணும்" என்பதுதான் பாட்டியின் அளவு. அந்தப் 'பதம்' எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே அது தெரியும். பாட்டி போனால் அதுவும் போய்விடும். பிறகு எத்தனை யூடியூப் வீடியோ பார்த்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஆச்சி பண்றது மாதிரி வரல" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

கடலோரத்தில் டிசம்பர் 26

கிறிஸ்துமஸ் நினைவு எல்லோருக்கும் இனிப்பாக மட்டும் இருப்பதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கட்டிய தோரணமும் தொங்கவிட்ட ஸ்டாரும் அப்படியே இருந்தன. அன்று காலை சுனாமி வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், மணக்குடி உள்ளிட்ட மீனவர் ஊர்களிலும், கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் நிறைந்திருந்த வேளாங்கண்ணியிலும் நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. அந்த ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இன்றும் நினைவுத் திருப்பலியும், கல்லறையில் மெழுகுவர்த்தியுமாகத்தான் கழிகிறது. குழந்தையின் கடைசிப் புது உடுப்பு கிறிஸ்துமஸ் உடுப்பாக இருந்த வீடுகள் உண்டு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் குமரி மேற்குக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் கொண்டாட்டம் இல்லை. காத்திருப்பு மட்டும்தான் இருந்தது.

இவ்வளவு பெரிய துயரம் இல்லாத வீட்டிலும், அப்பா போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் கனமானது. மேஜையில் அவர் உட்காரும் இடம் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டில் போய் "பண்டிகை நாள், சந்தோஷமா இருங்க" என்று வற்புறுத்துவது உதவாது. அவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த ஒன்றைச் செய்து, அழ வேண்டியவரை அழவிடுவதே ஆறுதல்.

ஏக்கம் வந்து போவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெடும் அளவுக்குச் சோர்வு நீடித்தால், அதைப் பண்டிகை ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104 ஆகியவற்றை அழைக்கலாம்.

திரும்பக் கொண்டுவர முடியுமா?

பழைய கிறிஸ்துமஸை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அதை உருவாக்கிய காரணங்களைத் திரும்ப ஏற்படுத்த முடியும்.

குடும்ப வழக்கங்கள் பற்றி 50 ஆண்டுகளில் வெளியான 32 ஆய்வுகளை பார்பரா ஃபீஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2002-ல் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான வேலை என்பது வேறு, சடங்கு என்பது வேறு என்கிறது அந்தத் தொகுப்பு. 'இதைச் செய்தாக வேண்டும்' என்பது வேலை. 'இதுதான் நாம்' என்ற உணர்வைத் தருவது சடங்கு. குடும்பச் சடங்குகள் இருக்கும் வீடுகளில், 'நான் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வு வலுவாக இருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. கேட்டதையும் பார்த்ததையும்விடக் கையால் செய்தது நினைவில் நன்றாக நிற்கும். பெரியவர்களின் கிறிஸ்துமஸ் கதைகளைக் கவனித்தால் இது புரியும். கிடைத்த பரிசுகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. பசை காய்ச்சியது, புல்லுக்குத் தண்ணீர் தெளித்தது, கலகலா மாவைச் சீப்பில் வைத்து உருட்டியது, பலகாரத் தட்டைத் துணி போட்டு மூடி எதிர்வீட்டுக்குக் கொண்டு போனது என்று செய்த வேலைகளைத்தான் சொல்கிறார்கள்.

இதிலிருந்து சில எளிய விஷயங்கள்:

- பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். குடிலில் குழந்தை இயேசுவை வைப்பது இவள் வேலை, ஸ்டார் சுவிட்சைப் போடுவது இவன் வேலை என்று வருஷா வருஷம் அதுவே இருக்கட்டும். பசை சட்டையில் ஒட்டினால் ஒட்டட்டும்.

- ஒன்று போதும், ஆனால் தவறாமல். பத்துப் பலகாரம் தேவையில்லை. ஒரே ஒரு பலகாரத்தை ஒவ்வொரு டிசம்பரும் வீட்டில் செய்தால், அந்த வாசனை பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். மற்ற மாதங்களில் அதைச் செய்யாமல் இருப்பதும் முக்கியம்.

- பாட்டியின் 'கண்ணளவை' எடை போடுங்கள். அவர் மாவு எடுக்கும்போது அந்த ஒரு கையளவைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பாகு பதத்தை போனில் வீடியோ எடுங்கள். அவர் பேசும் குரலும் அதில் பதிவாகட்டும். ரெசிப்பியைவிடப் பின்னாளில் அதுதான் பெரிதாகத் தெரியும்.

- வேலையைப் பங்கிடுங்கள். பழைய கிறிஸ்துமஸில் திரும்ப வர வேண்டாதது ஒன்று உண்டென்றால், அது அம்மா தனியாக அடுப்படியில் நின்றது. உருண்டை பிடிக்க எல்லாக் கைகளும் வரட்டும்.

- தொலைவில் இருந்தால் நேரத்தை ஒத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரம் இத்தனை மணிக்கு இரு வீட்டிலும் ஸ்டார் போடுவது, ஒரே பாட்டைப் பாடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கும் இங்கும் ஒரே வேலை நடந்தால், வெறும் 'ஹாப்பி கிறிஸ்துமஸ்' அழைப்பைவிட அது நெருக்கம் தரும்.

- தட்டை அனுப்புங்கள். அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு முறுக்கு வைத்த தட்டு போதும், அடுத்த பொங்கலுக்கு அது வெறுமையாகத் திரும்பி வராது.

'அந்தக் காலம் போல இல்லை' என்று பெருமூச்சு விடும் ஒவ்வொருவரின் வீட்டிலும் அநேகமாக ஒரு குழந்தை இருக்கிறது. சொந்த வீட்டில் இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில், பக்கத்து வீட்டில் இருக்கிறது. 30 வருஷம் கழித்து அந்தக் குழந்தை ஏக்கத்தோடு பேசப்போகும் 'அந்தக் காலம்' இந்த டிசம்பர்தான்.